பதினஞ்சு வயசுக் கடைப்பூனைக்குக் கிட்னி சுருங்கிப்போச்சாம். என்ன செய்யன்னு தெரியல

வெல்லக்கடை எழுதியது:

வணக்கம். அருப்புக்கோட்டைல மளிகைக்கடை வச்சிருக்கேன். வயசு அம்பத்தாறு. இங்க எழுதுறவுங்க எல்லாரும் பூனைய ஆசைக்கு வளக்குறவுங்க மாதிரி தெரியுது. நான் எலிக்கு வளத்தவன். அதை முதல்லயே சொல்லிப்புடுறேன், ஏன்னா கடைசில கேக்கப்போற கேள்வி எனக்கே கூச்சமா இருக்கு.

2010-ல நெய்க்காரப்பட்டி மண்டவெல்லம் லோடு இறக்கும்போது ரெண்டு சாக்குக்கு நடுவுல ஒரு குட்டி. உள்ளங்கையில அடங்கும். வெல்லத்துக்கும் அதுக்கும் நெற வித்தியாசமே இல்ல. லோடுமேன் கையில எடுத்துட்டு, "அண்ணாச்சி, ஒரு உருண்டை கத்துது"ன்னான். அப்ப நாலாப்பு படிச்சிட்டு இருந்த என் மக வெல்லம்னு கூப்பிட்டா. அந்தப் பேரே நின்னுபோச்சு. கடுவன்.

அது தலையெடுத்த பிறகு கடைக்குள்ள எலி கிடையாது. அதுக்கு முன்னாடி துவரம்பருப்பு மூட்டை மூலையில ஓட்டை விழாத மாசம் இல்ல. அந்த வகையில பாத்தா இந்தப் பூனை எனக்குச் சம்பாரிச்சுக் குடுத்திருக்கு. மக இப்ப சென்னைல வேலை பாக்குது. போன் போட்டா முதல் கேள்வி "வெல்லம் சாப்டுச்சா"தான், என்னையக் கேக்குறது ரெண்டாவது.

தராசு விசயத்தைச் சொல்லியாகணும். காலைல அஞ்சரைக்குக் கடை தெறந்து தராசைப் போட்டதும் வெல்லம் அந்தத் தட்டுல ஏறிச் சுருண்டுக்கும். முதல் ஏவாரம் வர்ற வரைக்கும் அது எடம் அதான். எதுத்தாப்புல டிஸ்ப்ளேல 4.210-ன்னு நிக்கும். கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும், அம்புட்டுதான். பால் வாங்க வர்றவுகட்ட "நாலு கிலோ இருநூறு வெல்லம் இருக்கு, போடவா"ன்னு கேப்பேன். பத்து வருசமா அதே ஜோக். யாரும் சிரிக்கிறதில்ல, நான் மட்டும் சிரிச்சுக்குவேன்.

ரெண்டு வருசம் முன்னாடி ஒருநாள் 3.900-ன்னு காட்டுச்சு. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? தராசு அடிச்சுப்போச்சுன்னு நெனச்சேன். வருசா வருசம் முத்திரை போட்டு வச்சிருக்க தராசு. பூனையத் தூக்கிக் கீழ விட்டுட்டு ஒரு கிலோ படிக்கல்லை வச்சுப் பாத்தேன். 1.000. சரியா இருந்துச்சு. அப்பக்கூட எனக்கு உறைக்கல. மறுபடி பூனை ஏறுச்சு, நான் ஏவாரத்தப் பாத்தேன். போன தீபாவளிக்கு 3.400. இப்ப 2.905.

இடையில தண்ணி குடிக்கிறது கூடுச்சு. கொல்லையில இருக்க வாளி விளிம்புல ரெண்டு முன்னங்காலையும் வச்சுக்கிட்டு நிறுத்தாம நக்கிக்கிட்டே இருக்கும். வெயிலுக்குன்னு விட்டுட்டேன். வாய்ல ஒரு வாடை. முடி கோணிச்சாக்கு மாதிரி நட்டுக்கிட்டு நிக்குது. வெள்ளை நுரையா வாந்தி. பக்கத்துல ஒருத்தர்ட்ட கொண்டுபோய்க் காட்டினேன், வயித்துப்பூச்சின்னு மருந்து குடுத்தாரு. ரத்தம் எடுக்கல. "வயசாச்சுல்ல"ன்னாரு. அதுல நாலு மாசம் போச்சு.

போன வாரம் மதுரைக்கு எடுத்துட்டுப் போனேன். அம்பது கிலோமீட்டர், பஸ்ல, கட்டைப்பைக்குள்ள. ரத்தம் எடுத்து ஸ்கேன் பண்ணினாக. கிரியாட்டினின் (கிட்னி வெளியேத்தாட்டி ரத்தத்துல தேங்குற கழிவாம்) 4.6, பாஸ்பரஸ் 7.2. ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போச்சு, மூணாவது ஸ்டேஜ்னாக. குணமாக்க முடியாது, ஓட்டலாம்னாக. அந்த ஓட்டலாம்ங்கிற வார்த்தைதான் திரும்பத் திரும்ப வருது. பழைய டிவிஎஸ் வண்டியச் சொல்ற மாதிரி.

தோலுக்கு அடியில டிரிப்ஸ் ஏத்தணும், வீட்டுலயே பழகிக்கலாம்னு சொல்லி, கிட்னிக்குன்னு இருக்க தனித் தீனியும் எழுதிக் குடுத்திருக்காக. தீனி ஒரு சின்னப் பை, ஒரு சிப்பம் அரிசி விலைக்கு மேல. பரவால்ல, வாங்கிட்டேன். மோந்து பாத்துட்டு, மண்ணைத் தள்ளி மூடுற மாதிரி காலால தரையைப் பிராண்டிட்டுப் போயிருச்சு. நெத்திலிக் கருவாடு டப்பா முன்னாடி போய் உக்காந்துக்கிது.

வீட்டுல என் சம்சாரம் கேட்டுட்டு ஒண்ணுமே சொல்லல. ராத்திரி படுத்த பிறகு, "எங்கப்பாவ வாரம் ரெண்டு தடவை மதுரைக்குக் கூட்டிட்டுப் போனது போதாதா? கிரியாட்டினின்ங்கிற வார்த்தையை இந்த வீட்டுல இன்னொரு தடவை கேக்கணுமா?"ன்னா. மாமா ரெண்டு வருசம் டயாலிசிஸ்ல இருந்து போய்ச் சேந்தாரு. அவ பூனையை வேணாங்கல. அந்த ஆஸ்பத்திரி வாடையை வேணாங்குறா.

கேள்வி இதுதான். வீட்டுல டிரிப்ஸ் ஏத்துறது என்னைய மாதிரி ஆளுக்கு ஆகுமா? தீனி திங்காட்டி என்ன குடுக்க? மூணாவதுதான் கூச்சம். இதை அதுக்காகச் செய்றனா, படிக்கல் வச்சுப் பாத்தும் புரியாம விட்டனே, அதுக்காகச் செய்றனா? போதும்னு எப்பத் தெரியும்?

பல்லடத்துக்காரி எழுதியது:

அண்ணா, எங்க மீனுவுக்குப் பதினாலு மாசம் வீட்டுலயே டிரிப்ஸ் ஏத்துனேன். முதல் நாள் என் கை நடுங்குன நடுக்கத்துல ஊசி தோலுக்கு இந்தப் பக்கம் போயி அந்தப் பக்கம் வந்துருச்சு. தண்ணி பூராவும் என் மடியிலதான். அதனால சொல்றேன், யாருக்கு வேணா ஆகுமுங்க.

முதல் ரெண்டு தடவை டாக்டர்கிட்டயே போயி, அவிய பாத்துட்டு இருக்கறப்ப நீங்க போடோணும். அவிய போட்டு நீங்க பாத்தாப் பழகாது.

பையை நேரா ஏத்தாதீங்க. வெதுவெதுன்னு தண்ணியில கொஞ்ச நேரம் போட்டு வெச்சு, உங்க மணிக்கட்டுல ரெண்டு சொட்டு விட்டுப் பாருங்க. குழந்தைக்குப் பால் பாக்கற மாதிரி. சுடவும் கூடாது, சில்லுனும் கூடாது. சில்லுனு ஏறுனா அதுக மறுநாள் உங்களைப் பாத்தாலே கட்டலுக்கு அடியில ஓடிருமுங்க. ட்யூப்பைத் திறந்து கொஞ்சம் ஓடவிட்டுக் காத்தை எடுத்துருங்க. அப்பறம் ரெண்டு தோள்பட்டைக்கு நடுவால தோலைப் புடிச்சுத் தூக்குனா கூடாரமாட்ட நிக்கும். அந்தக் கூடாரத்தோட வாசல்ல ஊசி போகோணும். உள்ள போனதும் ஒரு சின்ன "பொத்"துனு கை உணரும், சத்தம் வராது. விரலுக்குத்தான் தெரியும்.

ஏறி முடிச்சதும் முதுகுல திமில் மாதிரி நிக்கும். பயப்படாதீங்க. கொஞ்ச நேரத்துல அது ஒரு பக்கமா இறங்கி முன்னங்கால்ல தொங்கும், காலையில இருக்காது. ஊசி எடுத்த எடத்தை ரெண்டு விரல்ல கொஞ்ச நேரம் கிள்ளிப் புடிச்சுக்கோங்க, இல்லாட்டி வழிஞ்சுரும். எத்தனை மில்லி, எத்தனை நாளைக்கு ஒருக்காங்கறதை மட்டும் உங்க டாக்டர் சொல்றதுதான்.

தீனி ஒரே நாள்ல மாத்துனா எந்தப் பூனையும் மாறாதுங்ணா. பழசுல ஒரு சிட்டிகை புதுசு. மீனுவுக்கு மாறவே ஆறு வாரம் ஆச்சு.

ஊர்க்குருவி எழுதியது:

மனுசனுக்கே அரசாங்க ஆஸ்பத்திரில படுக்கை இல்லாத ஊர்ல பூனைக்கு டிரிப்ஸ், ஸ்கேன், தனித்தீனி. நாட்டுல காசு புழங்குது போல. பதினஞ்சு வருசம் இருந்துச்சுல்ல, விடுங்க அண்ணாச்சி.

வெல்லக்கடை எழுதியது:

தம்பி, நேத்துக் கடையில ஒருத்தர் இதையே இன்னும் நல்லாக் கேட்டாரு. "துவரம்பருப்பு விலை ஏறுனது இதுக்குத்தானா அண்ணாச்சி"ன்னாரு. நான் சிரிச்சுட்டுப் பருப்பைப் போட்டுக் குடுத்தேன். அவர் பேருக்கு நோட்டுல ஏழாயிரத்துச் சொச்சம் பாக்கி நிக்கிது. அதையும் நான் கேக்கல.

பல்லடத்தும்மா, ரெண்டு தடவை படிச்சிட்டேன். கூடாரத்தோட வாசல்னு சொன்னது நல்லாப் புரிஞ்சுச்சு.

மாட்டு டாக்டர் எழுதியது:

அண்ணாச்சி, நான் வடக்கு மாவட்டம் ஒன்றில் அரசு கால்நடை உதவி மருத்துவர். என்னிடம் வருவதில் முக்கால்வாசி மாடும் ஆடும்தான், ஆனால் பூனையும் பார்க்கிறேன். நேரில் பார்க்காத விலங்குக்கு மருந்தின் அளவு எழுத மாட்டேன். மற்றதைச் சொல்கிறேன்.

முதலில் தராசு. பூனைகளில் இந்த நோயைக் கண்டுபிடிப்பதற்கு மூன்று வருடம் முன்பிருந்தே எடை இறங்கத் தொடங்கிவிடுகிறது என்று 2016-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியிருக்கிறது. உங்கள் தராசு காட்டியதும் அதைத்தான். ஆனால் அன்றைக்கே ரத்தம் எடுத்திருந்தால் தெரிந்திருக்குமா என்றால், உறுதியில்லை. சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் கிரியாட்டினின் ஏறும். அதுவரை மிச்சமிருக்கும் பங்கு சத்தமில்லாமல் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யும். எஸ்டிஎம்ஏ என்று கொஞ்சம் முன்கூட்டியே காட்டும் சோதனை ஒன்று உண்டு, நம் பக்கத்தில் எல்லா இடத்திலும் கிடைக்காது. தெரிந்திருந்தாலும் தீனியைச் சீக்கிரம் மாற்றியிருக்கலாம், அவ்வளவுதான். சுருங்கிய சிறுநீரகம் விரியாது.

அடுத்தது அந்த 4.6. ஐரிஸ் என்கிற சர்வதேசக் குழுவின் கணக்கில் 2.9 முதல் 5 வரை மூன்றாம் நிலை. ஆனால் நீர்ச்சத்து வற்றிய பூனையின் ரத்தத்தில் அந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். நாலு மாதமாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது என்கிறீர்கள். உடம்பில் தண்ணீர் ஏறி, நன்றாகத் தேறிய பிறகு இன்னொரு முறை எடுங்கள். அதைத்தான் நிலை என்று நம்பலாம்.

உங்கள் வீட்டம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்: இது டயாலிசிஸ் இல்லை. டயாலிசிஸ் ரத்தத்தைச் சுத்தம் செய்வது. இங்கே நாம் எதையும் சுத்தம் செய்யவில்லை. பழுதான சிறுநீரகத்தால் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியவில்லை. வாளி வாளியாகக் குடித்தாலும் அத்தனையும் வெளியே போய்விடுகிறது. ஒழுகும் பானையில் தண்ணீர் ஊற்றுகிறோம், அவ்வளவுதான். அதனால்தான் வீட்டில், பத்து நிமிடத்தில், மெஷின் இல்லாமல் முடிகிறது.

மதுரையில் கேட்க வேண்டியவை. ரத்த அழுத்தம் பார்த்தார்களா? இந்த நோயில் அழுத்தம் ஏறி, ஒரே நாளில் விழித்திரை கழன்று பார்வை போன பூனைகள் உண்டு. வெளிச்சத்திலும் கண்மணி விரிந்தே இருந்தால், சுவரில் இடித்துக்கொண்டால், அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பொட்டாசியம் பார்த்தார்களா? குறைந்தால் கழுத்து தொங்கிப் போகும், தலையை நிமிர்த்த முடியாது. தைராய்டையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், கிழட்டுப் பூனை மெலிவதற்கு அதுவும் ஒரு காரணம். இதயத்தில் இரைச்சல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் டிரிப்ஸைத் தொடர வேண்டும். தூங்கும்போது விலா எழுந்து தாழ்வதை எண்ணுங்கள். நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டினால் ஏற்றாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

நெத்திலி. முள்ளோடு தின்கிற மீன், அதனால் பாஸ்பரஸ் அதிகம். கருவாடு ஆனதால் உப்பும் சேர்ந்துவிட்டது. மூன்றாம் நிலையில் பாஸ்பரஸ் 5-க்குக் கீழே இருக்க வேண்டும், உங்களுக்கு 7.2. தீனியால் இறங்காவிட்டால் பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வைக்கும் மருந்து இருக்கிறது, சாப்பாட்டோடு கலந்து கொடுப்பது. ஆனால் ஒன்று, பட்டினி போட்டுத் தீனியை மாற்றாதீர்கள். பூனை சில நாள் சாப்பிடாமல் கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு ஏறி, அது தனி வியாதியாகிவிடும். எலும்பில்லாத கோழியை உப்பில்லாமல் வேகவைத்துக் கொடுங்கள், முட்டையின் வெள்ளைக்கரு சேர்க்கலாம். வெங்காயம், பூண்டு கூடாது. குமட்டலை நிறுத்தவும் பசியைத் தூண்டவும் மருந்துகள் உண்டு, கேளுங்கள். நிறையப் பூனைகளுக்குத் தீனி பிடிக்காமல் இல்லை. வயிறு புரட்டுகிறது, அதனால்தான் மோந்துவிட்டுப் போய்விடுகின்றன.

காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று யாராவது பாராசிட்டமால் சொல்வார்கள். ஒரே மாத்திரை போதும் ஒரு பூனையைக் கொல்ல.

மூன்றாவது கேள்விக்கு: ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு. ஒவ்வொன்றுக்கும் பத்து. முப்பத்தைந்துக்கு மேல் இருந்தால் தொடரலாம் என்பார். நான் என்னிடம் வருபவர்களிடம் வீட்டுக் காலண்டரில் குறிக்கச் சொல்வேன். ஞாபகம் நமக்குச் சாதகமாகப் பொய் சொல்லும், காலண்டர் சொல்லாது.

சித்தவைத்தியர் பேரன் எழுதியது:

சிறுபீளை சமூலத்தோட (வேரோட முழுச்செடி) நெருஞ்சில் முள்ளும் சேத்துக் கஷாயம் வச்சுக் குடுங்க. எங்க தாத்தா கல்லடைப்புக்கு இதுதான் குடுப்பாரு. பூனைக்குக் கால் பங்கு போதும்.

மாட்டு டாக்டர் எழுதியது:

தம்பி, உங்கள் தாத்தா மனிதருக்குக் கொடுத்தார், அதுவும் கல்லுக்கு. இது கல் இல்லை. பூனையின் கல்லீரல் பல பொருள்களை நம்முடையது போல உடைப்பதில்லை. அதோடு, குமட்டலில் இருக்கிற பூனையின் வாயைப் பிளந்து கசப்பு ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் போகும். வேண்டாம்.

காவேரிக்கரை எழுதியது:

மூணாவது கேள்விக்கு யாராவது இன்னும் கொஞ்சம் எழுதுவாங்கன்னு பாத்தேன். எழுதல. அதனால நான் எழுதுறேன்.

எங்க கறுப்பிக்கும் இதே நோய். பதினேழு வயசு. திருச்சில டாக்டர் ஒரு வெள்ளிக்கிழமை, "இனி போதும்னு நினைக்கிறேன், நீங்க சொன்னா செஞ்சுடலாம்"னார். எங்க வீட்டுல பெரியவங்க உயிரை எடுக்கிற பாவம் நமக்கு வேணாம்னாங்க. எனக்கும் அது சௌகரியமா இருந்துச்சு, முடிவு எடுக்க வேண்டாம் பாருங்க. திங்கக்கிழமை மத்தியானம்தான் போச்சு. அந்த மூணு நாளும் அது பாத்ரூம் ஈரத்தரையில கன்னத்தை வச்சுப் படுத்துருந்துச்சு. கண்ணைப் பாதி இடுக்கிக்கிட்டு, காது ரெண்டும் பக்கவாட்டுல தட்டையா விரிஞ்சு, மீசை விறைச்சுப்போய். கத்தவே இல்ல. கத்தலைன்னா வலி இல்லைன்னு நினைச்சேன். பூனையோட மொகத்தைப் பாத்து வலியைக் கணக்கிட மான்ட்ரியல் பல்கலைக்கழகத்துக்காரங்க 2019-ல ஒரு முறை வெளியிட்டிருக்காங்க. காது, கண்ணு, மூக்கைச் சுத்தியுள்ள தசை, மீசை, தலை எந்த உயரத்துல நிக்குதுங்கிறது. அதுல இருக்க படத்தைப் பின்னால பாத்தப்ப எங்க பாத்ரூம் தரை அப்படியே இருந்துச்சு.

நான் பயப்படுத்தச் சொல்லல. டிரிப்ஸ் போடுங்க, நல்லா இருக்கும், எங்களுக்கு ஏழு மாசம் நல்ல மாசமாவே இருந்துச்சு. ஆனா அதுக்குப் பிடிச்சது எதுன்னு நாலஞ்சை இப்பவே எழுதி வைங்க. எது எது நின்னுபோச்சுன்னா போதும்னு நீங்களும் அக்காவும் இப்பவே பேசி வைங்க. அந்த வெள்ளிக்கிழமை வரும்போது பேச முடியாது. உயிரை முடிக்கிற அந்தக் கடைசி ஊசி முதல்ல மயக்கம்தான், தூங்கினப்புறம்தான் அடுத்தது. இதுவும் எனக்கு அப்பத் தெரியாது.

வெல்லக்கடை எழுதியது:

மூணு வாரம் ஆச்சு. பதில் போடாம இருந்ததுக்கு மன்னிக்கணும். நோன்பு, திருவிழான்னு ஏவாரம்.

டாக்டர் எழுதுனதை அன்னிக்கு ராத்திரியே சம்சாரத்துக்குப் படிச்சுக் காட்டினேன். ஒழுகுற பானைன்னு வந்த எடத்துல, "இன்னொரு தடவை படிங்க"ன்னா. படிச்சேன். ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போயிட்டா.

மதுரைல ரெண்டு தடவை அவுக முன்னாடியே போட்டேன். மூணாவது தடவை கடையில. எங்க அய்யா காலத்துத் தொங்கு தராசு மாட்டியிருந்த கொக்கி இன்னும் விட்டத்துல இருக்கு. தராசு எடைக்குப் போயி வருசமாச்சு, கொக்கிய மட்டும் கழட்டல. அதுல பையை மாட்டினேன். பூனையைக் கல்லாப்பெட்டி மேல துண்டு விரிச்சு உக்கார வச்சேன். தோலைத் தூக்கினேன், கூடாரம் நிக்கிது, வாசல் தெரியுது, கை போகமாட்டேங்குது. முப்பது வருசமா ஒரு நாளைக்கு நூறு பொட்டலம் மடிச்ச கை. அப்படியே நிக்கிறேன். பின்னாடி இருந்து, "ட்யூப்ல காத்து எடுத்தாச்சா?"ன்னு சத்தம். எடுக்கல. அவ வந்து திருகைத் தெறந்து, சுண்டி விட்டு, சொட்டு ஓடவிட்டு மூடுனா. ரெண்டு வருசம் அவுக அப்பா பக்கத்துல உக்காந்து பாத்தவ. பூனையோட தலையைத் தன் முழங்கை மடிப்புக்குள்ள வாங்கிக்கிட்டு, "ம், போடுங்க"ன்னா. போட்டேன். அந்தப் "பொத்" விரல்ல தெரிஞ்சுச்சு.

இப்ப தெனம் பையைச் சுடுதண்ணில போடுறது அவதான். எனக்குச் சூடு பாக்கத் தெரியலையாம்.

ரத்த அழுத்தம் பாத்தாக, மருந்து வேணாம், மாசம் ஒருக்கா பாப்போம்னாக. பொட்டாசியம் கொஞ்சம் கம்மி, அதுக்கு மருந்து. குமட்டலுக்கு ஒண்ணு. அது போட்ட ரெண்டாம் நாளே தீனியப் பாத்து உக்காந்துச்சு. முழுசாத் திங்கல. தனித்தீனி பாதி, கோழி பாதி. முந்தாநாள் கிரியாட்டினின் 3.7. மறுபடி எடுத்ததுல குறைஞ்சிருக்குன்னு சந்தோசப்பட்டேன், அது சந்தோசப்படுற அளவுக்குப் பெரிசில்லன்னும் தெரியும், மூணாவது ஸ்டேஜ்லதான் நிக்கிது.

எடை 3.040. முதல்ல 3.120-ன்னு காட்டவும் மகளுக்குப் போன் போட்டுட்டேன். பொறவுதான் யோசிச்சேன், முந்தின ராத்திரி ஏத்துன தண்ணியும் சேந்துல்ல நிக்கிது. சாக்கோட எடை போட்டுட்டு வெல்லம்னு சொன்ன கதை. இப்ப ஏத்துறதுக்கு முன்னாடி சாயங்காலம் போடுறேன், நோட்டுல எழுதுறேன்.

அந்த ஏழு மதிப்பெண் எனக்குச் சரிப்படல, டாக்டர் கோவிச்சுக்கக் கூடாது. நான் நாள் பூராப் பத்துக்கு எவ்வளவுன்னு போட்டுக்கிட்டு இருக்கவன், இதுலயும் போட்டா எனக்கு வசதியாத்தான் போடுவேன். திருச்சித் தம்பி சொன்னதைச் செஞ்சோம். ரெண்டு பேரும் உக்காந்து எழுதுனோம். காலைல தராசுல ஏறுறது. நெத்திலி டப்பா தெறக்குற சத்தத்துக்கு வர்றது (குடுக்குறதில்ல, ஆனா வரணும்). மக வீடியோல பேசுனா காதைத் திருப்புறது. வாளி விளிம்புல தானா ஏறிக் குடிக்கிறது. தன் முடியத் தானே நக்கிக்கிறது. அஞ்சுல மூணு நின்னுச்சுன்னா மதுரைக்குப் போன் போடுறதுன்னு எழுதி, கீழ ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். கையெழுத்து அவ யோசனை. "நாளைக்கு நீங்க மாத்திப் பேசுவீக"ன்னா. அதை மகட்டச் சொல்லல.

எதுக்காகச் செய்றேன்னு கேட்டேன்ல, அதுக்கு இன்னும் பதில் தெரியல. ரெண்டும் கலந்துதான் இருக்கும் போல. தராசுல இப்பவும் ஏறுது, முன்ன மாதிரி ஒரே தாவா இல்ல, முக்காலி மேல ஏறி நின்னு யோசிச்சுட்டு ஏறுது. அந்த முக்காலிய நான்தான் போட்டேன்.

ஒரு சந்தேகம். ஒரு பை அஞ்சு நாளைக்கு வருது. மிச்சத்தை எப்படி வச்சுக்க? பழைய ஊசியெல்லாம் என்ன பண்ண? குப்பை அள்ளுற அம்மா கையில குத்திரும்னு சேத்து வச்சிருக்கேன்.

பல்லடத்துக்காரி எழுதியது:

3.040-ஆ! சந்தோசமுங்ணா. ஒவ்வொரு தடவையும் புது ஊசி. ஏத்தி முடிச்சதும் மூடியோட புது ஊசிய மாட்டி வெச்சுருங்க, ட்யூப் முனை வெறுமனே தொங்கக் கூடாது. பை கலங்கலாத் தெரிஞ்சா, உள்ள தூசியாட்ட மிதந்தா, காசு பாக்காமத் தூக்கிப் போட்ருங்க. எத்தனை நாள் வெச்சுக்கலாம்னு உங்க டாக்டர்கிட்டயே கேட்டுக்கோங்க, என்ர டாக்டர் சொன்னது வேற, எங்க அக்கா டாக்டர் சொன்னது வேற. பழைய ஊசியக் கெட்டியான டப்பால போட்டு, நிறைஞ்சதும் ஆஸ்பத்திரியிலயே குடுத்துருங்க, அவிய வாங்கிக்குவாங்க.

வெல்லக்கடை எழுதியது:

சரிம்மா. பெருங்காய டப்பா ஒண்ணு காலியா இருக்கு, திருகு மூடி, நல்ல கெட்டி. அதுல போட்டுக்கிறேன்.